இன்னுமா படிக்கிறா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வேதியியலில் பிஎச்.டி. முடித்துவிட்டாள். ஒரு வருடமாகப் போஸ்ட்டாக் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ராஜபாளையத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவள் அம்மாவிடம் ஒரே கேள்விதான்: "இன்னுமா படிக்கிறா?" போன வாரம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க சொன்னா கேப்பா. பக்கத்துல ஏதாச்சும் காலேஜ்ல சேரச் சொல்லுங்க" என்று கண் கலங்கினார்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். எனக்கும் இது புது விஷயம். அவளையே வரச்சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போஸ்ட்டாக் என்பது படிப்பே இல்லை. பரீட்சை கிடையாது, பீஸ் கிடையாது, பட்டமும் கிடையாது. சம்பளத்துக்குச் செய்கிற ஆராய்ச்சி வேலை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருட ஒப்பந்தம். மத்திய அரசு தருகிற தேசிய உதவித்தொகைக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 வருடச் சலுகை உண்டு. அதற்கும் முதலில் ஒரு பேராசிரியர் தன்னிடம் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். ஐரோப்பாவில் மேரி கியூரி பெயரில் ஒன்று இருக்கிறது. 2024-ல் 10,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது சுமார் 1,700 பேருக்கு. மீதிப் பேரெல்லாம் மக்குகளா?

இவள் அறுபது பேராசிரியர்களுக்கு மேல் மெயில் அனுப்பியிருக்கிறாள். பதில் வந்தது ஒன்பது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே கடிதம், அதுவும் பெண் பேராசிரியருக்கும் "மதிப்பிற்குரிய ஐயா" என்று! (விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், அது வேறு விஷயம்.) இப்போது அவரவர் ஆய்வுக்கட்டுரையைப் படித்து, தன் வேலை அதில் எங்கே பொருந்தும் என்று பத்து வரியில் எழுதுகிறாள். ஒன்பதில் ஏழு பதில் அதற்குப் பிறகு வந்தவை. ஓரிடத்தில் பரிந்துரைக் கடிதம் கெடு தேதிக்குள் வராததால் வாய்ப்பு போனது. அது யார் தர வேண்டியது என்று இங்கே எழுத விரும்பவில்லை.

அந்த அம்மாவிடம் கே.எஸ்.கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். 1898-ல் நம்ம வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளி படித்தவர். 1920-ல் கல்கத்தா போய் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது கூடவே உழைத்தவர். அந்த வருடக் கடைசியில் டாக்கா, 1933-ல் மறுபடி கல்கத்தா, 1942-ல் அலகாபாத், 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அவரும் ஊர் ஊராகப் போனவர்தானே என்றேன்.

"அவரு ஆம்பள, டீச்சர்" என்றார்.

உடனே என்ன சொல்வதென்று தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை பார்ப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று மட்டும் கேட்டேன். "அவ அப்பாட்ட பேசிப் பாக்கேன்" என்று போயிருக்கிறார்.

சொந்தக்காரர்களே, அதுவரை அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு இணையத்தில் நேர்காணல். ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது அதற்கு முன் ஒரு மணி நேரம் அவளைக் கேள்வி கேட்டுப் பழக்க முடியுமா? எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவள் எண் தருகிறேன்.