அப்பத்தாவுக்கும் ஒரு பங்கு

அப்பா விட்டுப்போன பணத்தைப் பற்றி நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் காரியம் முடிந்த வாரமே ஊருக்குத் தெரிந்திருந்தது. தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் தோட்டத்தை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டிருந்தார். அடுத்த மாதமே போய்விட்டார். பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்தால் ஒரு கோடிக்கு மேல் வந்தது. எனக்கு வயது இருபத்தைந்து, கோயம்புத்தூரில் மாதம் நாற்பதாயிரம் சம்பளம்.

“காசைச் சும்மா வெச்சிருந்தா கரைஞ்சு போயிரும் கண்ணு” என்று ஆரம்பித்தவர் மாமா. விஜயமங்கலம் பக்கம் சைட் பார்த்து வைத்திருந்தார். சித்தப்பா தங்கம் என்றார். கூட வேலை செய்யும் நண்பன், ஆப்ஷன்ஸில் வாரத்துக்கு இவ்வளவு பார்க்கலாம் என்று போனைத் திறந்து காட்டினான். மூன்று ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்து, இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியே 2024இல் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். தான் மீதி ஏழு பேரில் ஒருவன் என்றான்.

கவனித்துப் பார்த்தால், யாரும் என் நிலைமைக்கு யோசனை சொல்லவில்லை. அவரவர் வாழ்க்கையில் நடந்ததைத்தான் சொன்னார்கள். மாமா வாங்கிப் போட்ட இடம் பல மடங்கு ஏறியது. அவருக்கு மண்ணைத் தவிர வேறெதிலும் நம்பிக்கையில்லை. சித்தப்பா ஈமு கோழியில் பணத்தை விட்டவர். பெருந்துறை வட்டாரத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பணம் கட்டினால் குஞ்சு கொடுப்பார்கள், வளர்த்தால் மாதாமாதம் பணம் வரும் என்றார்கள். 2012இல் எல்லாம் சரிந்தது. தீவனம் போட ஆளில்லாமல் அந்தப் பறவைகள் கொட்டகையில் நின்றதைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சித்தப்பா இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாத எதையும் நம்புவதில்லை.

அப்பா முப்பது வருடமாகச் சேர்த்ததை முப்பது நாளில் எங்காவது போட்டாக வேண்டும் என்ற அவசரம் மட்டும் எனக்குப் புரியவேயில்லை. ஒரு வருடத்துக்கு எஃப்.டி.யை விட்டு எடுப்பதில்லை என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். கூட்டுறவு வங்கியில் இருந்ததை மட்டும் பிரித்து வேறு வங்கிகளுக்கு மாற்றினோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைதான் காப்பீடு. வாரிசுக்கு வருகிற சொத்துக்கு இந்தியாவில் 1985இலேயே வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் தோட்டம் விற்ற லாபத்துக்கு அப்பாவின் பெயரில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. இறந்தவருக்காக வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தை முடிக்க எனக்கு ஒரு நாள் போதவில்லை.

எங்கே போடுவது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நின்றது. வங்கியில் அம்மாதான் நாமினி. முழுப் பணமும் அம்மா கைக்கு வந்தது, அதனால் எல்லாம் எங்கள் இரண்டு பேருடையது என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வங்கி நாமினி பணத்தை வாங்கி வைப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணுக்கு மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது அப்பத்தா.

“வயசான காலத்துல அவங்களுக்கு எதுக்கு? வேண்டாம்னு எழுதி வாங்கிருங்க” என்றார் மாமா. அப்பத்தாவும் “எனக்கெதுக்குச் சாமி, நீயே வெச்சுக்க” என்றாள். விடவே விடாதவர் அம்மா. “அவங்க பையன் காசு. நாம யாரு வேண்டாம்னு எழுதி வாங்க?” என்றார். முப்பது வருடமாக மாமியாரோடு சரியாகப் பேசிக்கொள்ளாத அம்மா.

அந்த ஒரு வருடம் முடிந்ததும், அப்பத்தாவின் பங்கில் 30 லட்சத்தைத் தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அதற்கு மேல் போட அனுமதியில்லை. 8.2 சதவீதம் வட்டி, மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய். முதல் வட்டி வந்ததும் ஓர் எருமை வாங்கச் சொன்னாள். கட்டுத்தறி காலியாகத்தான் கிடந்தது. சொசைட்டியில் பால் ஊற்றும் கணக்கு தன் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தக் குடும்பத்திலும் பணத்தை என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது அவளுக்கு மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம்.

என் பங்கு ஏறக்குறைய 35 லட்சம், ஏழு வருடச் சம்பளம். பாதியை எஃப்.டி.யிலேயே விட்டேன். மறுபாதி நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. அதையும் லிக்விட் ஃபண்டில் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மாற்றுகிறேன். சந்தை இறங்கும் காலத்தைவிட ஏறும் காலமே அதிகம் என்பதால், மொத்தமாகப் போடுவதுதான் பெரும்பாலும் லாபம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 2020 ஜனவரியில் 12,300க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610. என் 35 லட்சம் முழுவதும் அதில் இருந்திருந்தால் 22 லட்சத்துக்கும் கீழே போயிருக்கும். நவம்பரில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்பது வேறு விஷயம். என் சம்பளத்தில் சேர்த்ததாக இருந்தால் அந்த எட்டு மாதத்தைப் பல்லைக் கடித்துக் கடந்திருப்பேன். அப்பா சேர்த்ததில் 13 லட்சம் காணோம் என்று ஒவ்வொரு இரவும் கணக்குப் பார்க்க என்னால் முடியாது. மெதுவாகப் போடுவதால் லாபம் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவுக்குச் சம்மதித்துத்தான் போடுகிறேன்.

எல்லாம் முடிந்தபின் நானும் ஓர் உயில் எழுதினேன். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். அதற்காக விசாரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நாளைக்குக் கல்யாணமான பிறகு, உயில் இல்லாமல், குழந்தையும் இல்லாமல் எனக்கு ஏதாவது ஆனால், அப்பா வழியில் வந்த இந்தச் சொத்து கணவர் பக்கம் போகாது. அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். மாமாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. அம்மா மட்டும், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது இதையெல்லாம் எடுத்துப் பேசக் கூடாது என்று எங்கள் இருவரையும் எச்சரித்து வைத்திருக்கிறார்.