கட்டுமரத்துல ஒரு கட்டை எங்க கழனியில

எங்க ஊரு திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் போற ரோட்டுப் பக்கம். சின்ன வயசுல தென்னைக்கு உப்பு வாங்க அப்பாவோட மாட்டு வண்டியில மரக்காணம் போவேன். மல்லாட்டை பிடுங்கின சமயம்னா ஒரு மூட்டை கூட ஏறும். குப்பத்துல ஒரு வீட்டுல அதைக் கொடுத்துட்டுக் கருவாடு வாங்கி வருவோம். அந்த வீட்டு மகன் எனக்குப் பத்து வயசு மூத்தவர். அண்ணன்னுதான் கூப்பிடுவேன்.

அவர் கட்டுமரம் கட்டுறதைக் கரையில உக்காந்து பாத்திருக்கேன். நமக்கு ஏர் செய்யணும்னா கருவேலம் மாதிரி வைரம் பாய்ஞ்ச மரம் வேணும். அவங்களுக்கு நேர் எதிர், கனமே இல்லாத மரம். வாச்சியால செதுக்கி முனையைக் கூராக்கி, மேல் பக்கமா தூக்கி விடுவாங்க. நடுக்கட்டை நீளம், ஓரக்கட்டை குட்டை. பக்கத்துல பக்கத்துல அடுக்கி, முன்னயும் பின்னயும் குறுக்குக் கட்டை வச்சுக் கயித்தால இறுக்குவாங்க. ஆணி ஒண்ணு கூட கிடையாது.

"இடுக்குல தண்ணி வராதாண்ணே?"ன்னு கேட்டேன்.

"வரட்டுமே, வந்த வழியே போயிடும்"னு சிரிச்சார்.

நெசந்தான். படகுல தண்ணி ரொம்பினா முழுகும், இதுல ரொம்ப இடமே இல்ல. கரை வந்ததும் கயித்தை அவுத்து, கட்டைங்களைத் தனித்தனியா மணல்ல காயப் போடுவாங்க. ஊறின கட்டை கனத்துடும். இங்கிலீஷ்காரன் கேட்டமரான்னு சொல்றது நம்ம வார்த்தைதான். ஆனா அவன் இப்ப அந்தப் பேரை ரெட்டை அடி வச்ச படகுக்கு வச்சிருக்கான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில அண்ணனோட மரம் பிரிஞ்சு, கட்டைங்க சவுக்குத் தோப்புல கிடந்துச்சு. அப்புறம் அவரும் இஞ்சின் வச்ச ஃபைபர் போட்டுக்கு மாறிட்டார். குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல, நானும் ஏரை விட்டு டிராக்டருக்கு வந்தவன்தான். இப்ப ரெண்டு பேரும் பேசினா டீசல் விலைதான் பேச்சு.

போன மாசம் போன் பண்ணார். "தம்பி, பையன் இடத்தை ஒழிக்கணுங்கறான். கட்டைங்களை அடுப்புல வைக்க மனசு வரல. ஒண்ணாச்சும் எடுத்துட்டுப் போ."

மல்லாட்டை மூட்டையோட போனேன். காசு குடுத்தா வாங்க மாட்டார். கட்டையைப் பாத்துட்டு எங்க வீட்டம்மா, "இது பந்தக்காலுக்குக் கூட ஆவாதே"ன்னாங்க. கொட்டாயில பழைய ஏர் பக்கத்துல போட்டிருக்கேன். அவர் வாரம் தவறாம போன்ல கேக்கறார்: "நனையாம வச்சிருக்கியா? வெயில்ல பொரட்டிப் போட்டியா?"

இன்னிக்குக் காலையில பொரட்டினேன். கயிறு அழுந்தின பள்ளம் அப்படியே இருக்கு, விரல் வச்சா உள்ள போகுது.