குரல் இல்லாத அடிக்குப் புள்ளி இல்லை

வானொலியில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் பலரும் முதலில் கேட்பது, "குரலுக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்பதுதான். மிளகுப் பால், பனங்கற்கண்டு, இஞ்சித் தேன் என்று ஏதாவது ஒரு பதிலை எதிர்பார்ப்பார்கள். நான் "கெண்டோ" என்பேன். அது ஏதோ ஜப்பான் மருந்து என்று நினைத்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தவர்களும் உண்டு.

கெண்டோ மருந்தல்ல, ஜப்பானியரின் வாள் விளையாட்டு. உண்மையான வாளுக்குப் பதில் மூங்கில் வாள். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, தோலாலும் கயிற்றாலும் கட்டியிருப்பார்கள். அதன் பெயர் ஷினாய். தலை, மணிக்கட்டு, விலாப்புறம், தொண்டை ஆகிய நான்கு இடங்களில்தான் அடிக்கலாம், குத்தலாம். அந்த இடங்களுக்கெல்லாம் கவசம் உண்டு.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2008-ஆம் ஆண்டு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பேட்டி எடுத்து வரும்படி ஒரு பாடத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். என் அறைத்தோழி ஜித்ராவைச் சேர்ந்த மலாய்ப் பெண். இன்னொரு தோழி அலோர் ஸ்டார் சீனப் பெண். மூன்று பேரும் கெடாக்காரிகள் என்பதால் எப்போதும் ஒன்றாகவே திரிவோம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய் ஆள் தேடினோம். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த ஜப்பானியப் பொறியியலாளர் ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் ஒரு பூப்பந்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஏழெட்டுப் பேருக்குக் கெண்டோ சொல்லிக்கொடுத்து வந்தார். பேட்டி எடுக்கப் போன நாங்கள் மாணவிகளாகிவிட்டோம்.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஒரே வழிதான். ஃபெர்ரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ்ஸில் கூலிம். பயிற்சி முடிந்ததும் ரோட்டி சானாய். இரவு எங்கள் தோட்டத்து வீட்டில் பாட்டியோடு தங்கல். பி.டி.பி.டி.என். கடனில் படித்துக்கொண்டிருந்த மூவருக்கும் ஆளுக்கொரு ஷினாய் வாங்க முடியவில்லை. ஒன்று வாங்கினோம். மற்ற இரண்டையும் மண்டபத்தில் இரவல் எடுத்துக்கொண்டோம்.

கெண்டோ என்றால் முதல் நாளே கவசம் போட்டுக்கொண்டு பாயலாம் என்று நினைத்திருந்தோம். முதல் மூன்று மாதம் கவசத்தைத் தொடவே விடவில்லை. நடக்கத்தான் சொல்லிக்கொடுத்தார். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, இடது குதிகால் கொஞ்சம் தூக்கி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். என் மாமா கோயில் திருவிழாவில் சிலம்பம் சுற்றுகிறவர். சிலம்பத்தில் கால் வட்டம் போடும், கம்பும் உடம்பைச் சுற்றி வட்டம் போடும். கெண்டோவில் எல்லாமே நேர்க்கோடு. நடுத்தலைக்கு மேல் தூக்கி, நடுக்கோட்டிலேயே இறக்க வேண்டும். வெறும் காலில் பழகுவதால் இடது பாதத்தில் கொப்புளம் வந்து உடைந்து, மறுபடியும் வரும். திங்கட்கிழமை வகுப்புக்கு மூன்று பேரும் நொண்டிக்கொண்டே போவோம்.

பிடியிலும் அதே கதைதான். பெண்களின் ஷினாய் 120 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, எடை 440 கிராமுக்குக் குறையக்கூடாது. அரைக் கிலோ கூட இல்லாத பொருளை வலது கையால் முறுக்கிப் பிடித்துத் தோளை நோகடித்துக்கொள்வோம். இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் பிடிக்க வேண்டும், வலது கை சும்மா துணைக்கு. இதை வீட்டில் சொன்னபோது, நாற்பது வருடம் பால் வெட்டிய அம்மா சிரித்தார். "உளிய அழுத்துனா மரத்துக்குக் காயம், பால் வராது. புதுசா வெட்ட வர்றவங்க எல்லாம் அழுத்தத்தான் செய்வாங்க" என்றார்.

காலும் கையும் போகப் போகப் பழகின. பழகாதது குரல்தான்.

கெண்டோவில் அடிக்கும்போதே, அடிக்கும் இடத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். தலைக்கு "மென்", மணிக்கட்டுக்கு "கோத்தே", விலாவுக்கு "தோ". குரல், வாள், உடல் மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்தால்தான் அது அடி. ஷினாய் சரியான இடத்தில் பட்டிருந்தாலும் குரலில் உயிர் இல்லையென்றால் நடுவர்கள் கொடியைத் தூக்க மாட்டார்கள். நான் லயத்து வீட்டில் வளர்ந்தவள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். "மெதுவாப் பேசு, பொம்பளப் புள்ள" என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தார்கள். அடிவயிற்றிலிருந்து கத்து என்றால் தொண்டையிலிருந்து ஒரு கீச்சுக் குரல்தான் வந்தது. தோழிகளுக்கும் அதே நிலைதான். மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தே பல மாலைகள் போயின.

இந்த நேரத்தில்தான் பாட்டி அந்த ஷினாயைப் பார்த்தார்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். "என்ன பாப்பா கம்பு இது?" என்று கேட்டார். "ஜப்பான்காரங்க சிலம்பம் மாதிரி பாட்டி" என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "வெளிய வை" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஷினாயின் இடம் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில்.

கெடாவில் பிறந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் கனம் புரியும். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் ஜித்ராவில் சண்டை, பிறகு குரூணில். அந்த மாதம் முடிவதற்குள் கெடா ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. 1943 அக்டோபரில் கெடாவைத் தூக்கித் தாய்லாந்திடம் கொடுத்தார்கள். இதற்கு நடுவில்தான் சயாம் மரண ரயில். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளோடு, அவர்களைப் போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம். காலரா, மலேரியா, பட்டினி, அடி. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவல்களாக எழுதியிருக்கிறார்கள்.

பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஃபெர்ரியில் இதைத் தோழிகளிடம் சொன்னேன், கெண்டோவை விட்டுவிடலாமா என்றும் கேட்டேன். ஜித்ராத் தோழி, சண்டை நடந்தபோது தன் குடும்பம் வயல் வரப்பில் ஒளிந்துகொண்டு ஓடிய கதையைச் சொன்னாள். அலோர் ஸ்டார் தோழியின் தாத்தா சாகும்வரை ஜப்பான் காரில் ஏறியதில்லையாம். ஒன்றரை வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், இந்த மூன்று கதைகளையும் அன்றுதான் பகிர்ந்துகொண்டோம். கடைசியில், பயிற்சியாளரிடமே பேசுவது என்று முடிவானது.

பயிற்சி முடிந்ததும் சென்செய்யிடம் சொன்னேன். பாதி ஆங்கிலம், பாதி மலாய். அவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தபடியே கேட்டார். மன்னிப்பு என்றோ, அந்தக் காலம் போய்விட்டது என்றோ அவர் சொல்லவில்லை. கெண்டோவின் கதையைச் சொன்னார். போர்க்காலத்தில் ஜப்பான் பள்ளிகளில் கெண்டோவையும் ராணுவப் புத்தியை வளர்க்கத்தான் பயன்படுத்தினார்கள். 1945-இல் தோற்றபின், வந்து ஆண்ட நேச நாட்டுப் படை அதைத் தடை செய்தது. 1952-இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்த பிறகுதான் மறுபடி தலையெடுத்தது. 1975-இல் அந்தச் சம்மேளனம், கெண்டோவின் நோக்கம் மனிதனைப் பண்படுத்துவதே என்று எழுதி வைத்தது. "எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதை என் ஆசிரியர் எனக்குச் சொன்னார். நான் உங்களுக்குச் சொல்கிறேன்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அவர் பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதே இல்லை.

அன்று இரவு கேட்டேன். வழக்கமான கீச்சுக் குரலில் அல்ல. காது கொஞ்சம் மந்தமான பாட்டிக்குக் கேட்கும்படி, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி, "உங்க அப்பா பேரு என்ன பாட்டி?" என்றேன். பாட்டி சொன்ன பெயரைக் கேட்டதும் தோழிகள் இருவரும் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பெயர்தான். பாட்டிதான் அவனுக்குப் பெயர் வைத்தவர். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு பாட்டி பேசினார். மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும், சம்பளம் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போனார்களாம். லோரி வந்து நின்றபோது பாட்டிக்கு ஏழு வயது. "மரவள்ளிக்குக் குழி வெட்டி வச்சிருக்கேன், குச்சிய நட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினாராம். "நட்டோம். கிழங்கு வெளஞ்சுச்சு, புடுங்கித் தின்னோம். அவுங்க வரல" என்றார். பல்கலைக்கழகத்தில் கொடுத்த சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் அதைப் பதிவு செய்தேன். 47 நிமிடம். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் வானொலி நிகழ்ச்சி அதுதான்.

பாட்டி மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஷினாய் கடைசிவரை தாழ்வாரத்தில்தான் இருந்தது. மண்டபத்துக்கு ஒரு தடவைகூட அவர் வந்ததில்லை. ஆனால், விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னிக்காவது சத்தம் வந்துச்சா?" என்று கேட்பார். வந்தது. அந்த மாதத்திலிருந்து நன்றாகவே வந்தது. முதன்முறை கவசம் அணிந்து, அலோர் ஸ்டார் தோழியின் தலையில் சரியாக ஒரு அடி போட்டபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் துள்ளிக் குதித்தேன். சென்செய் சிரித்துக்கொண்டே, போட்டியாக இருந்தால் அந்தப் புள்ளியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றார். கெண்டோவில் அடித்ததைக் கொண்டாடக்கூடாது. அடித்த பிறகும் எதிராளியைப் பார்த்தபடி, கவனம் கலையாமல் நிற்க வேண்டும்.

2010-இல் சென்செய் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பினார். குழு கலைந்தது. ஜித்ராத் தோழி ஆசிரியையானாள், இன்னொருத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். அங்கே யாரும் கத்துவதில்லை. ஆனால் மூச்சு அதே அடிவயிற்றிலிருந்துதான் வருகிறது.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7,000 பேர், வரிசை வரிசையாகக் கற்கள், கற்களில் பெயர்கள். தோட்டங்களிலிருந்து போன நம்மவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. அவர்கள் பெயர்கள் இருப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான். அன்று ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.