பவளக்கல் வீடு



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின், மரக்காணம் கரையிலிருந்து திண்டிவனம் சபைக்கு வரும் மீனவச் சகோதரர் ஒருவர், "ஐயா, கடலில் கல் இறக்கினால் மீன் பெருகுமாமே, எத்தனை நாளில்?" என்று கேட்டார்.

நான் பிறந்தது தூத்துக்குடியில். எங்கள் வீட்டு அஸ்திவாரம் பவளக்கல். கடலில் வெட்டிய அக்கல்லால் வீடும் கட்டினோம், சுண்ணாம்பும் சுட்டோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. அதில் எங்கள் வீட்டுக்கும் பங்குண்டு.

அங்கே 2002 முதல் உயிருள்ள பவளத்துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். தேய்ந்துவந்த வான் தீவருகே 2015இன் இறுதியில் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளை இறக்கத் தொடங்கினார்கள். அத்தகைய இடங்களுக்கு மீன் விரைவிலேயே வரும். ஆனால் முதலில் வருவது பெருகிய மீன் அன்று, ஒதுங்க வந்த மீன். (கன்வென்ஷன் பந்தலின் கூட்டத்தைச் சபை வளர்ச்சி என்று நாம் எண்ணுவதில்லையா?) அதை உடனே அள்ளிவிட்டால் கடல் முன்னிலும் வறிதாகும். குஞ்சுகள் பவளக் கிளைகளுக்குள் ஒளிந்து தப்பவேண்டும். களவா முட்டையிடும் பருவம் எய்தவேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், படகுக் கடனின் அடுத்த தவணை பத்தாம் தேதி என்றார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.