கல்லுக்கு ஒரு வயது, தாதுவுக்கு ஒரு வயது

மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் பிரச்சினை சூடாக இருந்த மாதங்களில் இங்கே மதுரை ஆரப்பாளையம் டீக்கடைகளிலும் அதே பேச்சுதான். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனது; அரிட்டாபட்டியும் அதற்குள் அடக்கம். டிசம்பர் 9-ல் அதை எதிர்த்துச் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டி மலையில் சமணர் படுக்கை, தமிழி எழுத்து, பாண்டியர் குடைவரை என்று இரண்டாயிரம் வருஷக் கணக்கை ஊரே சொன்னது. அந்த மலைக்குள் டங்ஸ்டன் எப்போது வந்து சேர்ந்தது என்ற கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை.

*

பாறை உண்டாகிக் கோடிக்கணக்கான வருஷம் கழித்துக்கூட, ஆழத்திலிருந்து கொதிக்கும் கரைசல் விரிசல் வழியே ஏறி உலோகத்தைப் படியவிட்டுப் போகலாம். அதனால் பாறையின் வயதை வைத்துத் தாதுவின் வயதைச் சொல்ல முடியாது. தாதுக் கனிமத்துக்குள்ளேயே, அல்லது அதோடு சேர்ந்து படிந்த கனிமத்துக்குள், கதிரியக்கத் தனிமம் ஒன்று அகப்பட வேண்டும்.

*

அதற்கு மாலிப்டினைட் என்ற கனிமம் மாதிரி வாய்ப்பது அபூர்வம். ஈயச் சாம்பல் நிறம். நகத்தால் கீறினாலே கோடு விழும், தொட்ட விரலில் கரி ஒட்டும். தர்மபுரிப் பக்கம் அரூர்–ஊத்தங்கரைப் பட்டையில் கிடைக்கிறது. படியும்போது ரீனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஆஸ்மியத்தை அநேகமாகச் சேர்க்காது. ரீனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டு. காலியாக வைத்த உண்டியலில் விழுந்த காசு போல, உள்ளே இருக்கிற ஆஸ்மியம்-187 அத்தனையும் பிற்பாடு வந்தது. சில பத்து மில்லிகிராம் தூளை அமிலத்தோடு கண்ணாடிக் குழாயில் போட்டு, குழாயை உருக்கி மூடிச் சூடாக்குவார்கள். கரைந்ததும் இரண்டு தனிமங்களையும் பிரித்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். இரண்டின் விகிதம் தெரிந்தால் வயது தெரிந்துவிடும்.

*

நம் மதுரைப் பாறைகளில் சிக்கல் அதிகம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாக் கண்டம் ஒட்டிய காலத்தில், இந்த நிலத்தடி சில இடங்களில் 900 டிகிரிக்கு மேல் வெந்தது. அந்தச் சூட்டில் பல கனிமங்களில் அதுவரை சிதைவில் பிறந்து சேர்ந்திருந்த சேய்த் தனிமம் வெளியேறி, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது. மோனசைட் மணிகளும் ஜிர்கானின் வெளிவிளிம்பும் இந்தப் பக்கம் அடிக்கடி அந்த 55 கோடியையே காட்டுவது இதனால்தான். ஜிர்கானின் நடுப்பகுதி பழைய வயதைக் காத்து வைத்திருக்கும். மாலிப்டினைட்டும் சூட்டை நன்றாகவே தாங்கும்.

*

முறை மாறினால் வயதும் மாறும் என்பதற்கு ஒரு உதாரணம், ஆரப்பாளையத்தில் சேலம் பஸ் ஏறினால் போகிற திசையில், நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி. அங்கே அனார்த்தோசைட் பாறைக்குள் குரோமைட் தாது கறுப்புப் பட்டைகளாக ஓடுகிறது. சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் அரைத்தது இந்தப் பாறையிலிருந்துதான். 1996-ல் முழுப்பாறையை வைத்து வந்த சமேரியம்–நியோடிமியம் கணக்கு ஏறக்குறைய 290 கோடி ஆண்டு என்றது. 2013-ல் ஜிர்கானில் யுரேனியம்–ஈயம் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 254 கோடி. இடையில் 36 கோடி வருஷம்! நான் ஜிர்கான் பக்கம். முழுப்பாறைகளை அரைத்து ஒரே கோட்டில் பொருத்தும்போது, ஒரே பிறப்பு இல்லாத பாறைகள் கலந்துவிட்டால் கோடு நேராகத் தெரிந்தும் வயது தப்பாகும். ஜிர்கானை மணி மணியாகப் பார்க்கலாம்.

*

டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டை இருட்டில் குறுவீச்சுப் புற ஊதா விளக்கில் காட்டினால் நீலவெள்ளையாக ஒளிரும். அதிலுள்ள கால்சியத்தின் இடத்தில் அருமண் தனிமங்கள் புகுந்துகொள்வதால் சமேரியம்–நியோடிமியம் முறையில் ஷீலைட்டையே நேராக அளக்கலாம். சமேரியம்-147-க்கு அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டு. இந்த வேலைக்குச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை, சில கிராம் போதும். நாயக்கர்பட்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஏற்கெனவே ஆய்வு நடத்தியிருக்கிறது. அப்போது எடுத்த மாதிரிகளில் ஷீலைட் மணிகளைப் பொறுக்கி, நம் பல்கலைக்கழக மாணவர் யாராவது அதன் வயதை அளக்க வேண்டும்.