பாயில்ஸ்டன் ஓய்வெடுக்கவில்லை

ஓவியத்தை விளக்கிச் சொல்ல இனி ஆள் எதற்கு, பக்கத்தில் ஒட்டிய நாலு வரிக் குறிப்பு போதாதா என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். இதே வேலையில் தலை நரைத்தவன் நான்; பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1767இல் பாஸ்டன் ஓவியர் கோப்ளி வரைந்த நிக்கோலஸ் பாயில்ஸ்டன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பேன்யன் எனப்படும் தளர்வான பட்டு வீட்டு அங்கி, தலையில் குல்லா, கைக்கு அணையாகப் பேரேடுகள், பின்னால் கடலில் கப்பல். 'வீட்டில் ஓய்வாக இருக்கும் பாஸ்டன் வணிகர்' என்று இளம் விளக்குநர்கள் முடித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்கிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அம்மையார் யாரையும் முகத்திலிருந்து தொடங்க விடமாட்டார். முதலில் தலையைப் பார்க்கச் சொல்வார். குல்லாவுக்குக் கீழே முடி தெரியாது. விக் வைக்கிறவர்கள்தான் தலையை மழித்துக்கொள்வார்கள். ஆகவே விக் இல்லாத அந்தத் தலையே விக் வைத்திருப்பதற்குச் சாட்சி. பிறகு துணி, துணியின் மடிப்பு, அதற்குப் பிறகு கை. பெயரும் வருஷமும் கடைசியில்தான். ஒரு முழங்கையை வைத்துக்கொண்டு அரைநாள் பேசியிருக்கிறோம்.

அந்த அம்மையாரே தீர்த்துவைக்காத சிக்கல் ஒன்று உண்டு: படத்தில் இருப்பதெல்லாம் வரையப்பட்டவருடையதுதானா? கோப்ளியின் மாற்றாந்தந்தை பீட்டர் பெல்ஹம், மெசோடின்ட் என்ற செப்புத்தகட்டு முறையில் படங்களை அச்சிட்டவர். அந்த அச்சுப்படங்களுக்கு நடுவே வளர்ந்த கை அது. கோப்ளி வரைந்த திருமதி பவர்ஸ் படத்தில் உடை, அமர்வு, மடியிலிருக்கும் நாய் எல்லாமே ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த ஆங்கிலேயச் சீமாட்டியின் அச்சுப்படத்திலிருந்து எடுத்தவை. முகம் மட்டுமே பவர்ஸ் அம்மாளுடையது! ஆகவே பட்டைக் கண்டதும் பணக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சாட்சி படத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். பாயில்ஸ்டனுக்கு அது இருக்கிறது: 1766இல் அவர் வீட்டில் விருந்துண்ட, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ், அங்கிருந்த அலங்காரங்களைக் கண்டு மலைத்துப்போய் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இதையெல்லாம் தேடிப் படிக்க இன்று யாருக்குப் பொறுமை? 'பார்த்தால் என்ன தோன்றுகிறது?' என்று பார்வையாளரையே கேட்டுவிட்டு நகர்வதற்கு விளக்கம் என்று பெயர்.

பாயில்ஸ்டன் படத்துக்கு மறு வருஷம் அதே கோப்ளி, வெள்ளித் தட்டான் பால் ரெவியரை வரைந்தார். கோட் இல்லை, விக் இல்லை, கையில் வெள்ளித் தேநீர்க் கெண்டி, மேசையில் செதுக்குளிகள். இரண்டு படங்களையும் 'இயல்பான தோற்றம்' என்று ஒன்றாகச் சேர்ப்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது. தட்டான் கோட்டைக் கழற்றியது தன் கைவேலையைக் காட்ட. வணிகர் கழற்றியது, கப்பலும் பேரேடும் தனக்காக உழைக்கின்றன என்று காட்ட.

குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பாயில்ஸ்டன் படத்தின் குறிப்பிலிருந்து அந்த 'ஓய்வாக' என்பதை அடித்துவிடுங்கள்.