தம்பி வீட்டுக் கூலாஷ்

மாடு மேய்ப்பவனுக்கு ஹங்கேரி பாஷையில் 'குயாஷ்' என்று பெயர். அவன் காய்ச்சிக் குடித்த மாட்டிறைச்சிக் குழம்புக்கும் அதுவே பெயராயிற்று. அமெரிக்கர்கள் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய கூலாஷ், மக்ரோனியும் தக்காளியும் போட்ட வேறு பதார்த்தம். நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் இதையே 'அமெரிக்கன் சாப்சூயி' என்கிறார்கள். சீனாவுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

ஒஹாயோவில் என் தம்பி வீட்டில் இதை நான் சமைத்தேன். அவன் மனைவி அந்த ஊர்ப் பெண். காலமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. நான் வைத்த ரசத்தைக் குழந்தைகள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் பெரியவள் கேட்டேவிட்டாள்: "அத்தை, அம்மா பண்ற கூலாஷ் பண்ணுவீங்களா?"

நான் அந்த இறைச்சியைத் தொட்டதில்லை. அதற்காகப் பத்து வயதுப் பெண்ணிடம் முடியாது என்பதா? அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். அரைக் கிலோ கொத்துக்கறியை வெங்காயம், பூண்டோடு வதக்கி, டின் தக்காளியும் தண்ணீரும் விட்டு, மக்ரோனியைப் பச்சையாகவே கொட்ட வேண்டும். தனியே வேகவைத்து வடித்தால் போச்சு. அந்தக் கஞ்சிதான் குழம்பை இறுக்குகிறது. சற்று விறைப்பாக இருக்கும்போதே இறக்கிவிட்டால், மீதித் தண்ணீரைத் தானே குடித்துக்கொள்ளும். நம் பொங்கல் பக்குவந்தான்.

வாசனை கிளம்பியதும் மாடியிலிருந்து சின்னவன் தடதடவென்று ஓடி வந்தான். அடுப்பருகே என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அக்காள் அவனுக்கு ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக்கொண்டான்.